58ல நிக்கிறவகிட்ட வாயக் கட்டச் சொல்லாதீங்க

"சுகர் இருக்குன்னு சொல்றீங்க, அப்புறம் இப்படி சர்க்கரைய அள்ளி வாயில போட்டுக்கறீங்களே மேடம்?"

இன்னைக்கு மதியம் 1:50க்கு கேட்டது. ராத்திரி ஆகியும் காதவிட்டுப் போகல. சொன்னவர் நல்ல மனுஷர்னு எல்லாரும் சொல்வாங்க, இருக்கட்டும். இன்னைக்கு என்கிட்ட நியாயம் எதிர்பாக்காதீங்க.

1 மணிக்குச் சாப்பாடு. அதனால 12:45க்கு ஊசி போட்டுக்கிட்டேன். சீக்கிரம் வேலை செய்யற இன்சுலின் அது, கால் மணி நேரத்துல ரத்தச் சர்க்கரையக் குறைக்கத் தொடங்கிடும். டப்பாவத் திறந்து வச்சிட்டேன், கை கழுவிட்டு வந்துட்டேன். அப்ப அதே மனுஷர் வந்து நிக்கிறார்: "ஒரு அஞ்சு நிமிஷம் உள்ள வந்துட்டுப் போயிடுங்க." ஊசி போட்டாச்சு சார், சாப்பிட்டே ஆகணும்னு சொன்னேன். வாயத் திறந்து, தெளிவா, சொன்னேன். "அஞ்சே நிமிஷம் மேடம், ஒரு நாள் கொஞ்சம் லேட்டா சாப்பிட்டா என்ன ஆகிடப் போகுது?"

உள்ள போய் உக்காந்தேன். என்ன ஆகும்னு சொல்றேன்.

1:20க்கு கொட்டாவி மேல கொட்டாவி. 1:30க்கு திரையில இருந்த வரிய மூணு தடவ படிக்கிறேன், மண்டையில ஏறல. 1:40க்கு ஏசி ஓடுற அறையில பின்கழுத்து நனைஞ்சு போச்சு. நெஞ்சு படபடன்னு அடிக்குது. அப்புறம் வந்துச்சு அந்தப் பசி. அத வயித்துப் பசின்னு நினைக்காதீங்க. கை, கால், பல்லு, கண்ணு எல்லாம் சேந்து பசிக்கும். எதிர்ல இருக்கிற மேசையக் கூட கடிக்கலாம்னு தோணும். அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்.

ரத்தச் சர்க்கரை பாக்கிற மீட்டர மடியில வச்சு மறைச்சுக்கிட்டே, அதுல செருகுற ஸ்ட்ரிப் எடுக்கிறேன். ரெண்டு கீழ விழுந்துடுச்சு. மூணாவத செருகி விரலக் குத்தினா ரத்தம் பத்தலன்னு பிழை காட்டுது. இன்னொரு விரல், இன்னொரு ஸ்ட்ரிப். 58. எழுபதுக்குக் கீழ போனாலே லோ. 54க்குக் கீழ போனா புத்தி தடுமாற ஆரம்பிக்கிற கட்டம். நாலே நாலு புள்ளி மிச்சம் வச்சுக்கிட்டு அந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். குளுக்கோஸ் பொட்டலத்தக் கையால கிழிக்க முடியல, பல்லால கிழிச்சேன். பாதி மேசையில கொட்டுச்சு. மிச்சத்த வாயில போட்டேன். அப்பதான் அந்த வசனம். அதுக்கும் ரெண்டு பேர் சிரிச்சாங்க.

நான் சர்க்கரைய ஆசைக்குத் தின்னலங்க. மருந்தாத் தின்னேன். மூளைக்கு குளுக்கோஸ்தான் பிரதான எரிபொருள், அத சேத்து வச்சுக்க அதுக்கு இடமும் பெருசா இல்ல. ரத்தத்துல குறைஞ்சா உடம்பு அட்ரினலினக் கொட்டி அலறும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, கூடவே வர்ற அந்த வெறிப்பசி எல்லாம் அந்த அலறல்தான். மூச்சுத் திணறுறவன் காத்த இழுத்தா பேராசைக்காரன்னு சொல்வீங்களா?

பக்கத்துல ஒருத்தங்க பாவம், பதறிப்போய் சாக்லேட் நீட்டினாங்க. அவங்க மேல கோபம் இல்ல. ஆனா அதுல இருக்கிற கொழுப்பு சர்க்கரைய மெதுவாத்தான் ஏத்தும், லோவுக்கு அது உடனே உதவாதுன்னு அப்ப விளக்க எனக்கு வார்த்தை வரல.

இதுக்கப்புறம்தான் நிஜமான கொடுமை. 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் காத்திருப்பு, மறுபடி டெஸ்ட். இதுதான் விதி. உடம்பு முழுக்க "தின்னு, தின்னு"ன்னு கத்தும்போது கையக் கட்டிக்கிட்டுக் கடிகாரத்தப் பாக்கணும். வாயக் கட்டுறதப் பத்தி எனக்குப் பாடம் எடுக்கிறவங்க யாராவது அந்தக் கால் மணி நேரம் உக்காந்து பாத்திருக்காங்களா? 15 நிமிஷம் கழிச்சு 66. இன்னொரு பொட்டலம், இன்னொரு 15 நிமிஷம். அப்புறம் 84. அப்புறம் டப்பா. ஆமா, அதுல இருந்த எல்லாத்தையும் தின்னேன், பக்கத்துல நீட்டினதையும் தின்னேன். உயிர் பயத்துல இருக்கிற உடம்பு அளவு பாக்காது.

சாயந்தரம் 268. நாக்கு வறண்டு கிடக்கு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ பாத்ரூம். அந்த 268லயும் பசிக்குது! இத வீட்டுல சொன்னா, "மூணு மணிக்குத்தானே சாப்பிட்ட? உனக்கு எப்பப் பாரு பசியா?"ன்னு கேள்வி. ரத்தத்துல சர்க்கரை வழியுது, ஆனா செல்லுக்குள்ள நுழைய இன்சுலின் பத்தல. 180ஐத் தாண்டினா பொதுவா சிறுநீரகம் அத வெளிய தள்ள ஆரம்பிச்சிடும். உள்ள இருக்கிறது பட்டினி. குறைஞ்சாலும் பசி, கூடினாலும் பசி. எனக்கு இருக்கிற டைப் 1 சர்க்கரை நோயில "வயிறு நிறைஞ்சிடுச்சு, போதும்"னு மூளைக்குச் சொல்ற அமிலின்ங்கிற ஹார்மோனும் கிட்டத்தட்ட கிடையாது. இன்சுலின் சுரக்கிற அதே பீட்டா செல்தான் அதையும் சுரக்கணும், அந்த செல்லே அழிஞ்சு போச்சு. 1987லயே கண்டுபிடிச்ச ஹார்மோன். எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லன்னு சொல்ற வாய்க்கு இதக் கேக்கப் பொறுமை இல்ல.

வாயக் கட்டுறது ஒரு காலத்துல நிஜமாவே வைத்தியமா இருந்துச்சு. இன்சுலின் வர்றதுக்கு முன்னாடி சர்க்கரை நோய் வந்த குழந்தைங்கள மாசக்கணக்குல அரைப்பட்டினி போட்டு, எலும்பும் தோலுமா ஆக்கி, சாவக் கொஞ்சம் தள்ளி வச்சாங்க. 1922 ஜனவரியில டொரண்டோவுல லெனார்ட் தாம்சன்னு 14 வயசுப் பையனுக்கு முதல் ஊசி போட்டாங்க. அவன் அப்ப பட்டினி வைத்தியத்துல கரைஞ்சு கிடந்த புள்ள. அந்தக் கொடுமை முடிஞ்சு நூறு வருஷம் தாண்டிடுச்சு. இன்னும் எங்க தட்ட எட்டிப் பாத்து "இது ஆகுமா?"ன்னு கேக்கிறீங்களே, எங்க பசியில என்னதான் உங்களுக்கு அவ்வளவு கோபம்?

அப்புறம் அந்த ஸ்ட்ரிப் டப்பா. ரெண்டு விரல் நுழையாத வாய், உள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கிற ஸ்ட்ரிப். யார் இத செஞ்சது? கை நடுங்கும்போதுதானே இது அவசரமா வேணும்? நடுங்குற கையால ஒரு தடவையாவது திறந்து பாத்தாங்களா? அந்த குளுக்கோஸ் பொட்டலத்தோட ஓரத்துல "இங்கே கிழிக்கவும்"னு ஒரு கோடு வேற போட்டிருக்கு. அங்க கிழியவே கிழியாது. அந்த ஒரு 58ஐப் பாக்க நாலு ஸ்ட்ரிப் போச்சு எனக்கு. அதுல ரெண்டு இன்னும் அந்த அறையில என் நாற்காலிக்கு அடியிலதான் கிடக்கும்.