பென்சிலால் போட்ட கேள்விக்குறி

போன வருஷம் தெஹிவளைப் பக்கம் ஒரு மாடிக் கட்டட சைட்டில் நடந்ததை எழுதாமல் விட மனம் கேட்கவில்லை. பிழை என்னுடையது.

மூன்றாம் மாடி சிலாப். கொங்கிரீட் போட்டுச் சில நாளில் பிளம்பிங் ஆக்கள் ஏறிப் பார்த்துவிட்டு, பைப் இறங்க வேண்டிய இடத்தில் துவாரமே இல்லை என்றார்கள். ட்ரோயிங் மாறியிருந்தது. சைட்டில் எங்கள் கையில் இருந்தது பழைய ரிவிஷன். ஸ்ட்ரக்சரல் எஞ்சினியரிடம் அனுமதி வாங்கி, மெஷின் வைத்து ஏழு இடத்தில் துளைத்தோம். மூன்று நாள் அந்தச் சத்தம்.

அந்தக் கிழமை எங்கள் ட்ரெய்னிப் பிள்ளையின் ட்ரோயிங் தற்செயலாக என் கையில் வந்தது. அதே ஏழு இடத்திலும் பென்சிலால் சின்னச் சின்னக் கேள்விக்குறி. ஓரத்தில் திகதி. கொங்கிரீட்டுக்கு இரண்டு நாள் முந்திய திகதி.

"ஏனம்மா சொல்லேல்ல?" என்று கேட்டேன். பேசாமல் நின்றாள். பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின கிழமை, கம்பிக்கும் பலகைக்கும் இடையில் இடைவெளி விட வைக்கிற கவர் புளொக் பற்றி ஏதோ கேட்டவளை, மேசன் பாஸ்மாரும் கம்பி கட்டுகிற பொடியன்களும் பார்த்து நிற்க, "கம்பஸில இதுகூடப் படிப்பிக்கேல்லையா?" என்று ஏசியிருந்தேன்.

"ஒருத்தரும் தெரிஞ்சதைச் சொல்லித் தாறாங்கள் இல்லை" என்ற முறைப்பாடு கொழும்பில் நான் வேலை செய்த எல்லாப் புரொஜெக்ட்டிலும் இருந்தது. 2022இல் அனுபவமுள்ள ஆக்கள் கட்டாருக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் வெளிக்கிட்ட பிறகு அது இன்னும் கூடிவிட்டது. உடனே புதுசாய் ஒரு வட்ஸ்அப் குறூப் திறப்போம். எங்களிடமும் ஒன்று இருந்தது. அந்தப் பிள்ளையும் அதில் இருந்தாள்.

தெரிந்ததை மறைப்பதைப் பற்றி 2012இல் கனடாவின் ஆய்வாளர் கதரின் கொனலியும் சகாக்களும் எழுதியிருக்கிறார்கள். பிறகு தாறேன் என்று இழுத்தடிப்பது, தெரியாத மாதிரி நிற்பது, சொல்ல அனுமதி இல்லை என்று காரணம் காட்டுவது என்று மூன்று வகை. மூன்றையும் நான் சைட்டில் கண்டிருக்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளை செய்தது இதில் எதுவுமில்லை. அவளை யாரும் கேட்கவே இல்லை. அவளாகச் சொல்லப் பயந்தாள். அந்தப் பயத்தைக் கொடுத்தது நான்.

அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்த எமி எட்மண்ட்சன் 1996இல் ஒன்றை வெளியிட்டார். நன்றாக நடக்கிற குழுக்களில்தான் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அங்கே பிழையை வாய்விட்டுச் சொல்ல முடிந்தது என்பதே அவர் கண்ட விளக்கம். இதை வாசித்த அன்று, "என்ர சைட்டில ஒரு பிரச்சினையும் இல்லை" என்று நான் பெருமையாகச் சொல்லித் திரிந்த மாதங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

உணர்வறிவு என்றால் சிரித்த முகமும் இனிமையான பேச்சும் என்று நினைக்கிறோம். 1990இல் அமெரிக்க உளவியலாளர்கள் சலோவேயும் மேயரும் அதைப் பற்றி எழுதியபோது சொன்னது வேறு: தன்னுடையதும் மற்றவருடையதுமான உணர்ச்சியைக் கண்டுகொண்டு, அதை யோசனைக்கும் செயலுக்கும் பயன்படுத்துவது. ஒரு பிள்ளை கேள்வி கேட்க வாய் திறந்து மூடுவதைக் காண்பதும் லெவல் பார்ப்பது மாதிரி வேலைதான். பொறுப்பில் இருக்கிறவர் அதைச் செய்யவேண்டும்.

எங்கள் மீட்டிங் ஆங்கிலத்தில் நடக்கும். முப்பது வருஷம் கொங்கிரீட் போட்ட சிங்கள பாஸ் ஒருவர் மூலையில் இருந்து தலையாட்டுவார். கீழே பிளேன்டீ குடிக்கிற நேரம், என் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டால், கொங்கிரீட்டைத் தாங்குகிற பலகை எந்த மூலையில் விலகும் என்று கையால் காட்டித் தருவார். அதில் ஒரு வரிகூட மீட்டிங் குறிப்பில் இருக்காது. இப்போது மீட்டிங்குக்கு முதல் அவரிடம் போகிறேன்.

அந்தப் பிள்ளையிடம், நான் ஏசிய அதே ஆக்களுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சேர்" என்றாள். திரும்ப அவளாக ஒரு ட்ரோயிங்கோடு வந்து சந்தேகம் கேட்க நாலு மாதம் சென்றது. அதுவும் பக்கத்தில் ஒருத்தரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்தாள்.