பூண்டுச் சாறு இதய அடைப்பைக் கரைக்காது

"பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாற்றைத் தேனில் கலந்து குடித்தால் ரத்தக்குழாயில் ஒட்டிய கொழுப்பு கரைந்துவிடும், ஆபரேஷனே வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

கொழுப்பு, சிங்க் குழாயில் படியும் பிசுக்கு போல உள்ளே ஒட்டுவதில்லை. குழாய்ச் சுவருக்குள்ளேயே புகுந்து, ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பை மேக்ரோபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் விழுங்குகின்றன. விழுங்க விழுங்க, அதை உள்ளே இழுக்கும் சிடி36 ஏற்பியின் (செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம்) மரபணு இன்னும் வேகமாகத் தூண்டப்படுகிறது. 1998-லேயே ஆய்வாளர்கள் இதைக் காட்டிவிட்டார்கள். கடைசியில் அந்த மேக்ரோபேஜ் செல்கள் கொழுப்பு பிதுங்கும் நுரைசெல்களாகி அங்கேயே தங்கிவிடுகின்றன. குடித்த சாறு அங்கே போய் எதையும் கரைக்காது.

அமெரிக்க தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.