அந்த ஐந்து டாலரை யார் போட்டது?

அமெரிக்க ராணுவத்தில் பணியில் இருக்கும் பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரை இலவசம். அவரே பணியை விட்டு ஒரு தனியார் கம்பெனியில் சேர்ந்து, அந்தக் கம்பெனிக் காப்பீட்டில் வாங்கினால் அப்போதும் பெரும்பாலும் இலவசம்தான். ஆனால் முன்னாள் படைவீரர் என்ற முறையில் அரசின் படைவீரர் நலத்துறை மருந்தகத்தில் வாங்கினால், முப்பது நாள் மாத்திரைக்கு மருந்தைப் பொறுத்து 5, 8 அல்லது 11 டாலர் கட்ட வேண்டும். எல்லோரும் கட்டுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பணியால் வந்த உடல் பாதிப்பு 50 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மதிப்பிடப்பட்டவர்களுக்கும், வருமானம் மிகக் குறைவாக உள்ளவர்களுக்கும் விலக்கு உண்டு. மற்றவர்களில் பெரும்பாலோர் கட்டியாக வேண்டும்.

"நாட்டுக்காக உழைத்தவளுக்கு இதுதான் மரியாதையா" என்று பொங்குவது சுலபம். எனக்கு வேறொன்றுதான் உறுத்துகிறது. இப்படி வசூலிக்க வேண்டும் என்று யாரும் எப்போதும் உட்கார்ந்து முடிவெடுக்கவே இல்லை.

1990-ல் பட்ஜெட் பற்றாக்குறையைக் குறைக்க ஒரு சட்டம் வந்தது. பணியால் வராத நோய்க்கு நலத்துறையில் மருந்து வாங்கினால், முப்பது நாளுக்கு 2 டாலர் கட்டு என்றது. கருத்தடை பற்றி யோசித்து எழுதிய சட்டம் அல்ல அது. பிறகு தொகை மட்டும் ஏறிக்கொண்டே போனது. 2010-ல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. அதன்கீழ் கருத்தடையும் நோய்த் தடுப்புச் சேவையாகச் சேர்க்கப்பட்டு, காப்பீட்டு நிறுவனங்கள் அதற்குக் காசு வாங்கக்கூடாது என்றானது. நலத்துறை காப்பீட்டு நிறுவனம் அல்லவே, சொந்தமாக மருத்துவமனைகள் நடத்தும் அரசுத்துறை. அதனால் புதுச் சட்டம் அதைத் தொடவில்லை, பழைய சட்டம் விடவில்லை.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஜூலியா பிரவுன்லி மசோதா கொண்டுவந்தார். தனியார் காப்பீட்டில் எந்தெந்தக் கருத்தடைச் சாதனம் இலவசமோ, அதெல்லாம் நலத்துறையிலும் இலவசம். அவ்வளவுதான் மசோதா. 2021 ஜூனில் பிரதிநிதிகள் சபையில் 245-க்கு 181 என்று நிறைவேறியது. செனட்டில் தூங்கியது. அந்தக் காங்கிரஸின், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின், காலம் முடிந்ததும் மசோதாவும் செத்தது.

அமெரிக்க ராணுவத்துக்கும் பெண்களின் கர்ப்பத்துக்கும் இருக்கும் உறவு பழைய கதை. 1970-ல் வியட்நாமில் பணிபுரிந்த விமானப்படை நர்ஸ் கேப்டன் சூசன் ஸ்ட்ரக் கர்ப்பமானார். அன்றைய விதிப்படி அவருக்கு இரண்டே வழி: கருவைக் கலைக்க வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். அவர் கத்தோலிக்கர், கலைக்க மறுத்தார். பிள்ளையைப் பெற்றுத் தத்துக் கொடுத்துவிட்டுப் பணியில் தொடர்கிறேன் என்று வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க். 1972-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டதும் விமானப்படை பின்வாங்கி, அவரைப் பணியில் வைத்துக்கொள்கிறோம் என்றது. தீர்ப்பே வராமல் வழக்கு முடிந்தது. கர்ப்பமானால் வெளியே போ என்ற அரசாங்கம், இன்று கர்ப்பத்தைத் தவிர்க்கும் மாத்திரைக்குக் காசு கேட்கிறது. (நலத்துறையின் குறிக்கோள் வாசகத்திலேயே 2023 வரை 'அவன்', 'அவனுடைய விதவை' என்றுதான் இருந்தது. அதை மாற்றவே அத்தனை வருஷம்.)

சரி, ஐந்து டாலர்தானே என்று கேட்பவர்களுக்கு: தொகையைவிட அலைச்சல் பெரிது. வழக்கமாக மூன்று மாத மாத்திரைதான் ஒரு தடவைக்குத் தருகிறார்கள். அடுத்த மூன்று மாதத்துக்கு மறுபடி கேட்க வேண்டும், தபாலில் வரக் காத்திருக்க வேண்டும். ஒரு வாரம் தவறினால் அதற்கு முன் ஒழுங்காகப் போட்டதெல்லாம் வீண். 2019-ல் வெளியான பிட்ஸ்பர்க் ஆய்வாளர்களின் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு வருஷ மாத்திரையை மொத்தமாகக் கொடுத்தால், நலத்துறையில் மாத்திரை வாங்கும் சுமார் 24,000 பெண்களில் ஆண்டுக்கு 583 திட்டமிடாத கர்ப்பங்கள் தவிர்க்கப்படும், அரசுக்கும் சுமார் 20 லட்சம் டாலர் மிச்சமாகும் என்கிறார்கள். ஓரிகன் மாநிலம் தன் காப்பீட்டுச் சட்டத்தில் இதை 2015-லேயே கொண்டுவந்துவிட்டது. செலவைக் குறைக்கிறோம் என்று பேசும் அரசியல்வாதிகள் முதலில் ஓடிவந்து ஆதரிக்க வேண்டிய விஷயம் இது.

எதிர்க்கேள்விகளில் நியாயமாக எனக்குப் படுவது ஒன்றுதான். சர்க்கரை நோய் மாத்திரைக்கும் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கும் முன்னாள் வீரர்கள் காசு கட்டும்போது இதற்கு மட்டும் ஏன் விலக்கு? அவற்றுக்கும் விலக்குக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் தனியார் காப்பீட்டில் சர்க்கரை மாத்திரைக்கும் பொதுவாகக் காசு உண்டு, கருத்தடைக்கு இல்லை. வெளியே இருக்கும் பெண்ணுக்குக் கிடைப்பது படையிலிருந்து வந்தவளுக்கு இல்லை என்பதுதான் இங்கே பிரச்சினை.

தவிர, விலக்கு ஒன்றும் புதுசு இல்லை. போதை மருந்து அளவு மீறி உயிர் போகும் நிலையில் கொடுக்கும் நாலாக்சோனுக்கு, அந்த ஆபத்து அதிகமுள்ள முன்னாள் வீரர்களிடம் நலத்துறை காசு வாங்கக்கூடாது என்று 2016-ல் காங்கிரஸ் இதே சட்டப்பிரிவைத் திருத்தியது. அப்போது சேர்த்தது சில வார்த்தைகள். பிரவுன்லி கேட்டதும் அந்த இடத்தில் இன்னும் சில வார்த்தைகளைத்தான்.