எந்த ஹைட்ரஜனை முதலில்?

ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே கொண்ட ஹைட்ரோகார்பனான ஆல்கேனின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை உலோக அணைவுகள் (உலோக அணுவைச் சுற்றிப் பிற அணுத்தொகுதிகள் இணைந்த சேர்மங்கள்) பிளப்பதைத் தமிழில் கட்டுரையாக எழுதியதற்கு மிக்க நன்றி. ஆனால் அதில் வரும் 'வலு குறைந்த பிணைப்பே முதலில் உடையும்' என்ற வரியைத் திருத்துங்கள். இணையாத எலக்ட்ரான் கொண்ட தனி உறுப்புகள் (radicals) நடத்தும் வினைகளுக்கு அது சரி. ஆனால் 1982-ல் வேதியியலாளர் பெர்க்மனின் குழு அறிவித்த இரிடியம் அணைவு, வலு மிகுந்த ஓரிணையப் பிணைப்பையே, அதாவது சங்கிலியின் முனைக் கார்பனில் உள்ள பிணைப்பையே, அதிகம் நாடும். ஒளி பட்டு இரு ஹைட்ரஜனை இழந்த உலோகம் ஆல்கேனின் பிணைப்பைப் பக்கவாட்டில் பற்றுகிறது. பிறகு கார்பனும் ஹைட்ரஜனும் தனித்தனியே உலோகத்தோடு சேர்கின்றன. முனையை நாடக் காரணம், அந்தக் கார்பனைச் சுற்றி நெரிசல் குறைவு, உருவாகும் உலோக–கார்பன் பிணைப்பும் வலுவானது. மதுரையில் நான் பாடம் எடுக்கும் முதுகலை மாணவர்கள் குழம்புவதும் இந்த இடத்தில்தான். அப்புறம், பிளாட்டினம் உப்புக் கரைசலில் ஆல்கேனின் ஹைட்ரஜனை டியூட்டீரியத்தால் (கன ஹைட்ரஜனால்) மாற்றிக் காட்டிய வேதியியலாளர் ஷிலோவின் 1969 ஆய்வையும் அவசியம் சேருங்கள்.