குவார்டா பொருட்காட்சி அல்ல

ஓம், சுவிஸ் மலைக் கிராமமான குவார்டாவுக்குப் போய் எங்கள் ஆள் ஒருவர் எடுத்துப் போட்டிருக்கிற அந்த வீடியோவைப் பற்றித்தான். நேற்று மட்டும் ஏழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள், "நீங்கள் சொன்ன ஊர்தானே இது?" என்று.

"யாருக்குமே தெரியாத ஆல்ப்ஸ் கிராமத்தைக் கண்டுபிடித்துவிட்டோம்!" மிக நல்லது. பழமை கெடாமல் காத்ததற்காக அந்த ஊருக்கு 1975இலேயே சுவிஸின் வாக்கர் விருது கொடுத்துவிட்டார்கள். கீழே ரயில் நிற்கும், அங்கிருந்து மஞ்சள் போஸ்ட் பஸ் மேலே ஏறும். கொலம்பஸுக்கு இந்த வசதி இருக்கவில்லை.

அது போகட்டும். அந்த வளைவுக் கதவைத் தள்ளித் திறந்து, "வாங்கோ, மியூசியத்துக்குள்ள போவம்" என்று நுழைகிறாரே, அதுதான் தாங்கவில்லை. அது வீடு ஐயா. கதவு அகலமாக இருப்பது உங்களை வரவேற்க இல்லை. காய்ந்த புல் ஏற்றிய வண்டி 'சுலேர்' என்ற முன்கூடத்தின் வழியாகப் பின்னாலுள்ள களஞ்சியத்துக்குப் போவதற்காக வைத்த கதவு அது. கீழ்த்தளத்தில் மாடுகளுக்குத் தனி வாசல். "ஆளே இல்லாத ஊர்" என்று சொல்லும்போதே காலடியில் ஒரு பிள்ளையின் ஈர பூட்ஸ் தெரிகிறது. மியூசியத்தில் ஈர பூட்ஸ் வைப்பார்களா?

நானும் யோக்கியன் இல்லை. முதல்தடவை போனபோது ஒரு சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன். சாம்பல் பூச்சின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, காயுமுன் சுரண்டி எடுக்கும் சித்திரங்கள். ஜன்னலில் ஒரு வயதான அம்மா. பதறிப்போய் சுவிஸ் ஜெர்மனில் "குரூட்ஸி" என்று வணக்கம் சொன்னேன். "அலெக்ரா" என்று திருத்தினார். அங்கே பேசுவது ரோமான்ஷ், ஜெர்மன் அல்ல, லத்தீன் வழி வந்த தனி மொழி; அதில் வணக்கம் அப்படித்தான். வீடியோவில் "ஜெர்மன் கிராமம்" என்கிறார்கள். புதன் பின்னேரம் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிற நாங்கள் இப்படிச் சொல்லலாமா? தமிழை யாராவது "ஒருவித ஹிந்தி" என்றால் என்ன பாய்ச்சல் பாய்வோம்!

"சுற்றுலா வந்தால் ஊருக்கு வருமானம்தானே?" சரி, வருமானம்தான். "நீங்களும் போன வருடம் இருபது படம் போட்டீர்களே?" போட்டேன். எல்லாம் தெருவில் நின்று எடுத்தவை. ஜன்னல் பூந்தொட்டிகளும் இருந்தன, ஒத்துக்கொள்கிறேன். பூந்தொட்டியும் கதவும் ஒன்றா?

"பொறாமை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். அவருக்காக இதைச் சொல்கிறேன். 1622இல் ஆஸ்திரியப் படை கொளுத்திய ஊர் அது. சாம்பலிலிருந்து திரும்பக் கட்டிய வீடுகள்தான் உங்களுக்கு 'செட்' மாதிரித் தெரிகின்றன.

சமாதான காலத்தில், 2003இல், யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு முற்றத்துக்குள் ஒரு பஸ் கூட்டம் வந்தது. குண்டு துளைத்த சுவரைப் படம் எடுக்க. நான் வாசலிலேயே நின்றேன், ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மம்மா சுவரோரம் கதிரையில் இருந்தா. கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லி ஒருவர் அவவுக்குக் கை காட்டினார், படத்தில் விழுகிறாவாம்.