கூடு இல்லேன்னா மரம் காலின்னு அர்த்தமா?

ரோட்டை அகலப்படுத்த மரம் வெட்டுறதுக்கு முன்னாடி 'ஆய்வு'ன்னு ஒன்னு பண்றாங்களே, எங்க பக்கம் ரெண்டு பழைய புளியமரத்துக்கு அது நடந்த லட்சணத்தைப் பார்த்ததுல இருந்து மனசே ஆறல. காலைல 11 மணி வெயில்ல ஜீப்ல வந்து இறங்கினாங்க, அண்ணாந்து பார்த்தாங்க, "கூடு எதுவும் இல்ல"ன்னு எழுதிக்கிட்டாங்க, பட்டையச் செதுக்கி பெயிண்ட்ல நம்பர் போட்டுட்டு கிளம்பிட்டாங்க. அதே மரத்தடில சாயங்காலம் 6 மணிக்கு வந்து நின்னிருந்தா பக்கத்துல நிக்கிறவர் பேசுறது காதுல விழுந்திருக்காது. அவ்வளவு மைனா, அவ்வளவு கிளி, நடுவுல இடம் பிடிக்க காக்கா சண்டை வேற.

கூடுங்கறது பெரும்பாலான பறவைக்கு பிரசவ வார்டு மாதிரி தாங்க. முட்டை வச்சு குஞ்சு பொரிச்சு அது பறக்கற வரைக்கும் சில வாரம், அதிகமா போனா ரெண்டு மூணு மாசம். மிச்ச நாள்லாம் ராத்திரி தூங்கறது எங்கயாவது ஒரு மரக்கிளைலயோ நாணல் புதர்லயோ கரண்ட் கம்பிலயோ தான். கிராமத்துல "பட்சி அடையுற நேரம்"னு சொல்லுவாங்களே, அந்த அடையுற இடம் தான் நான் சொல்றது. நம்ம சட்டமும் சரி, ஆபீஸ் ஃபாரமும் சரி, கூட்டைத் தேடுற அளவுக்கு இந்த இடத்தைத் தேடுறதே இல்ல.

சரி ஏன் இந்த மரம், ஏன் பக்கத்துல இருக்கற மரம் இல்ல? சும்மா கண்ட இடத்துல போய் உக்காரல அதுங்க. ராத்திரி காத்து அடிக்காத பக்கமா இருக்கணும், அடர்த்தியா இலை இருக்கணும், ஆந்தையோ மரநாயோ பாம்போ கிட்ட வந்தா தெரியணும், காலைல கிளம்பினா இரை கிடைக்கற இடம் பறக்கற தூரத்துல இருக்கணும். கொக்குங்க பெரும்பாலும் கண்மாய்க்குள்ள தண்ணி நடுவுல நிக்கற கருவேல மரத்தை எடுத்துக்கறது ஏன்னா, தண்ணியத் தாண்டி மேல ஏறி வர்ற எதிரி கம்மி. குரங்குங்களுக்கும் இதே கணக்கு தான், சிறுத்தை இருக்கற காட்டுல உயரமான மரமாப் பார்த்து மெல்லிசான கிளை நுனிக்குப் போய் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு தூங்கும், பெரிய உடம்பு அங்க வரை வர முடியாது, வந்தாலும் கிளை ஆடிக் காட்டிக் குடுத்துடும்.

பஸ் ஸ்டாண்டு மைனாங்களப் பார்த்து "இவ்வளவு சத்தத்துல எப்படி தூங்குதுங்க"ன்னு கேக்கறாங்க. எனக்கு என்னவோ அதுங்க யோசிச்சுத் தான் வந்திருக்குன்னு தோணுது, லைட் வெளிச்சத்துல ஆந்தை வர்றது தெரியும், ஆள் நடமாட்டத்துல மரநாய் வராது, நம்ம பஸ் ஹாரன் எல்லாம் அதுங்களுக்கு மேட்டரே இல்ல. அப்புறம் அந்த ஆறு மணி கூச்சல் இருக்கே, அது சும்மா கும்மாளம்னு நினைக்காதீங்க. ஓரத்துல உக்காந்தா முதல்ல மாட்டுறது நீ தான், கீழ்க்கிளைல உக்காந்தா மேல இருக்கறவன் எச்சம் பூரா உன் முதுகுல, அதனால நடுவுல மேல இடம் புடிக்க அடிதடி. வாத்துங்கள வச்சு 1999ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, வரிசையோட ஓரத்துல படுக்கறது மூளைல ஒரு பாதிய மட்டும் தூங்க விட்டு, வெளிப்பக்கம் இருக்கற கண்ணைத் திறந்தே வச்சிருக்குமாம். நைட் வாட்ச்மேன் டியூட்டியும் பார்த்துக்கிட்டு தூக்கமும்.

1973ல பீட்டர் வார்டு, அமோட்ஸ் சஹாவின்னு ரெண்டு பேரு இன்னொரு கோணம் சொன்னாங்க: கூட்டமா அடையுறதே ஒரு தகவல் பரிமாற்றம், நேத்து நல்லா சாப்பிட்டவன் காலைல எந்தப் பக்கம் போறான்னு பார்த்து பசிச்சவன் பின்னாடியே போவான்னு. எல்லாப் பறவைக்கும் இது பொருந்துதான்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க, ஆனா விடிகாலைல காக்கா கூட்டம் ஒரே திசைல வரிசையா கிளம்பறதைப் பார்த்தா எனக்கு அதை ஒதுக்கித் தள்ள மனசு வரல.

இப்ப வௌவாலுக்கு வரேன், ஏன்னா இந்த விஷயத்துல ரொம்ப அடி வாங்கறது அது தான். பெரிய பழந்தின்னி வௌவால் இருக்கே, ரெக்கைய விரிச்சா நாலடி, எடை ஒரு கிலோவத் தாண்டும், அதுக்கு அடையுற நேரம் பகல். ஆலமரம், அரசமரம், மருதமரம், புளி, இலுப்பைன்னு வயசான பெரிய மரம் தான் வேணும், பக்கத்துல தண்ணி வேணும். ஒரு மரத்துல தங்கிட்டா தலைமுறை தலைமுறையா அதே மரம் தான், தாத்தா காலத்துலயும் இங்க தான் தொங்குச்சுன்னு சொல்ற ஊர்லாம் இருக்கு. வெயில் ஏற ஏற ரெக்கையால விசிறிக்கும், அதுலயும் தாங்கலன்னா எச்சிலை உடம்புல நக்கி நக்கி குளிர்ச்சி பண்ணிக்கும். அதையும் மீறினா செத்து விழுந்துடும். 2020 மே மாசம் கோரக்பூர் பக்கம் ஒரு மாந்தோப்புல நூத்துக்கணக்குல அப்படித் தான் விழுந்துச்சு, கொரோனா நேரம் வேறயா, ஜனங்க நடுங்கிப் போயிட்டாங்க, கடைசில பரிசோதனை பண்ணிப் பார்த்தா வெயில் தான் காரணம். ஒரு பெரிய மரத்தோட நிழல் எவ்வளவு பெரிய விஷயம்னு இதுல இருந்தே தெரியலையா. வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டி போடுற ஜீவன் அது, இழப்பு ஈடாகவே வருஷக்கணக்கு ஆகும். இத்தனைக்கும் பழந்தின்னி வௌவாலை காக்கா, எலி கூட சேர்த்து 'தொல்லை தரும் உயிர்'னு சட்டத்துல எழுதி வச்சிருந்தோம், 2022 திருத்தத்துல தான் அந்தப் பட்டியலையே தூக்கினாங்க.

மதுரை பக்கத்துக் குகைல ஒரு அருமையான ஆராய்ச்சி நடந்திருக்கு, நம்மாளுங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியல. காமராசர் பல்கலைக்கழகத்துல எம்.கே.சந்திரசேகரன் குழு பண்ணினது, 1981ல வெளிவந்துச்சு. கும்மிருட்டுக் குகைக்குள்ள தொங்கற வௌவாலுக்கு வெளில பொழுது சாஞ்சது எப்படித் தெரியுதுன்னு கேள்வி. வௌவால் இல்லாத குகைல ஒன்னை மட்டும் தனியா கூண்டுல வச்சா அதோட உள் கடிகாரம் வெளி உலக நேரத்தை விட்டு விலகிப் போயிடுது. அதே கூண்டை மத்த வௌவாலுங்க வந்து போற குகைல வச்சா கரெக்டா நேரம் பிடிக்குது, வெளிச்சமே படாம. அதாவது கூட இருக்கறதுங்க தான் அதுக்கு கடிகாரம். ஒரு அடைவிடத்தைக் கலைச்சா கலையறது இடம் மட்டும் தானான்னு இதைப் படிச்சப்புறம் யோசிச்சேன்.

இன்னொன்னு, திருநெல்வேலிப் பக்கம் 90கள்ல பார்த்து எழுதினது. சின்ன பழந்தின்னி வௌவால்ல ஆண் தன்னந்தனியா உக்காந்து கொடியோட தண்டுகளை, கூந்தப்பனையோட காய்க்குலைச் சரங்களைக் கடிச்சுக் கடிச்சு எடுத்து, உள்ள குடை மாதிரி ஒரு கூடாரம் செஞ்சு வைக்கும், அது பிடிச்சுப் போய் பெண்ணுங்க வந்து சேரும். மாடில படர்ற கொடியை 'க்ளீன்' பண்ணும்போது நாம வெட்டி வீசுறது ஒருத்தன் ரொம்ப நாள் கடிச்சுக் கட்டின வீடு.

பனைமரத்துல காஞ்ச ஓலை பாவாடை மாதிரி தொங்குதே, அசிங்கமா இருக்குன்னு அறுத்து எரிப்பாங்க. அந்த ஓலைக்குள்ள தான் பனை உழவாரன்ங்கற சின்னப் பறவை ஒட்டிக்கிட்டு தூங்கும், வௌவால் இருக்கும், மரநாய் இருக்கும். 2021ல இருந்து கலெக்டர் அனுமதி இல்லாம பனையை வெட்டக்கூடாதுன்னு வந்தது சந்தோஷம், ஆனா ஓலையை யாரும் கணக்குல எடுக்கல.

மரமே இல்லாத இடமும் இருக்கு. பூனைப்பருந்து குளிர்காலத்துல நம்ம ஊருக்கு வரும், ராத்திரி தரைல புல்லுக்குள்ள கூட்டமா படுக்கும். குஜராத் வேளாவதர் புல்வெளில ஒரு காலத்துல ஆயிரத்துக்கும் மேல அடைஞ்சிருக்கு. நம்ம ரெவின்யூ ரெக்கார்டுல இந்த மாதிரி நிலத்துக்குப் பேரு தரிசு, அதனால சோலார் பேனல் போட முதல்ல கண்ணுல படுறதும் அது தான்.

நாகாலாந்து தோயாங் நீர்த்தேக்கத்துல அமூர் வல்லூறு ஒரு கூடும் கட்டாது. ஆப்பிரிக்கா போற வழில அக்டோபர், நவம்பர்ல சில வாரம் ராத்திரி அடையும், அவ்வளவு தான். 2012ல அங்க வலை போட்டு ஆயிரக்கணக்குல பிடிச்சுக் கொன்ன வீடியோ வெளில வந்து நாடே கொதிச்சது, அடுத்த வருஷமே பாங்டி ஊர்க்காரங்க வேட்டையை நிறுத்திட்டாங்க. கூடு இருக்கான்னு மட்டும் பார்த்திருந்தா அந்த இடத்துக்கு ஒரு மதிப்பும் கிடைச்சிருக்காது.

எச்சம் விழுது, நாத்தம், வண்டி பெயிண்ட் போகுதுன்னு புலம்புறவங்கள நான் திட்ட மாட்டேன், மரத்தடில டீக்கடை போட்டிருக்கற அண்ணனுக்கு அது நிஜமான தலைவலி. கடைக்கு மேல ஒரு தகர ஷீட் போட்டா தீர்ற தலைவலி அது, அதுக்கு வெடி போட்டு விரட்டறதும் கிளையை மொட்டை அடிக்கறதும் எதுக்கு?

என் கோரிக்கை பெருசா ஒன்னும் இல்லங்க. வெட்டுறதுக்கு முன்னாடி சாயங்காலம் 5:30ல இருந்து 7 மணி வரைக்கும் ஒரு ஆள் கீழ ஸ்டூல் போட்டு உக்காந்து எண்ணட்டும், வௌவால்னா பகல்லயே எண்ணலாம், மழைக்காலம் ஒருதடவை கோடைல ஒருதடவை. அதை அந்த ஃபாரத்துல ஒரு கட்டம் சேர்த்து எழுதட்டும். "வேற மரத்துக்குப் போயிடும்"னு சொல்றவங்க அந்த வேற மரம் எதுன்னு கையைக் காட்டிச் சொல்லணும். ஒன்னுக்கு பத்து கன்னு நடுறோம்கற பதிலும் வேண்டாம், கட்டைவிரல் தண்டி வேப்பங்கன்னுல ஒரு கிலோ வௌவால் முந்நூறு எப்படி தொங்கும்?