கடிகாரத்தை எங்கே மாட்டுவது?

"காலம் என்பதே மாயை, விஞ்ஞானமே ஒத்துக்கொண்டுவிட்டது" என்று ஒரு காணொளி மதுரை நண்பர்கள் வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

அவர்கள் பிடித்துக்கொண்டது 1967-இல் இயற்பியலாளர் பிரைஸ் டிவிட் வெளியிட்ட சமன்பாட்டை. சக இயற்பியலாளர் ஜான் வீலர் பெயரையும் சேர்த்து வீலர்–டிவிட் சமன்பாடு என்பார்கள். பிரபஞ்சம் முழுவதற்குமான குவாண்டம் நிலையைச் சொல்லும் அதில் நேரத்துக்கான குறியீடே கிடையாது. உண்மைதான். ஆனால் ஏன் கிடையாது என்பதல்லவா விஷயம்?

அணுக்களின் உலகை விளக்கும் குவாண்டம் இயங்கியலில் கடிகாரம் ஆய்வுக்கூடச் சுவரில் தொங்குகிறது. சோதனையில் அதற்குப் பங்கில்லை, நேரம் காட்டுவதோடு சரி. ஈர்ப்பை விளக்கும் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில் அப்படி ஒதுங்கி நிற்க எதற்கும் இடமில்லை, கடிகாரத்தின் ஓட்டத்தையே ஈர்ப்பு மாற்றிவிடும். அழகர்மலையில் 100 மீட்டர் மேலே வைத்த கடிகாரம், அடிவாரத்தில் இருப்பதைவிட நாளொன்றுக்குச் சுமார் ஒரு நானோ நொடி முந்தும். 2022-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் ஸ்ட்ரான்ஷியம் அணுக்களை வைத்து ஒரே மில்லிமீட்டர் உயரத்துக்குள்ளேயே இந்த வித்தியாசத்தை அளந்துவிட்டார்கள். சரி, பிரபஞ்சத்தையே ஆராய்கிறவனுக்குக் கடிகாரம் மாட்ட வெளியே சுவர் ஏது? சமன்பாட்டில் நேரம் இல்லாமல் போனது அதனால்தான்.

1983-இல் டான் பேஜ், வில்லியம் வூட்டர்ஸ் என்ற இரு இயற்பியலாளர்கள் கேள்வியையே மாற்றினார்கள். பிரபஞ்சத்துக்கு உள்ளேயே ஒரு பகுதியைக் கடிகாரமாக வைத்துக்கொள். அது இந்த எண்ணைக் காட்டும்போது மற்றது எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள். நம்ம ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு நைவேத்தியம் ஆனதும், வழிநெடுக மண்டபங்களில் மணியடித்துச் சேதி மதுரைக்கு வந்த பிறகுதான் திருமலை நாயக்கர் இலையில் உட்காருவார் என்று சொல்வார்கள். மணியோசைக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள தொடர்புதான் அங்கே நேரம்.

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. ஆனால் கதை முடியவில்லை. அடுத்தடுத்து இரண்டு முறை அளந்தால் இந்த முறை தப்பான விடை தருகிறது என்று இயற்பியலாளர் கரேல் குகார் சுட்டிக்காட்டினார். பதில் சொன்னவர்கள் உண்டு, விவாதமும் ஓயவில்லை. வேறு கடிகாரத்தைத் தேர்ந்தெடுத்தால் வேறு கோட்பாடே கிடைக்கலாம் என்ற சிக்கல் வேறு. அப்புறம், கடிகாரமும் ஒரு பொருள்தானே! நுணுக்கமாக அளக்க அளக்க அதிக ஆற்றல் வேண்டும். அவ்வளவு ஆற்றலைச் சின்ன இடத்தில் திணித்தால் கடிகாரமே கருந்துளையாகிவிடும். 10⁻⁴³ நொடிப் பக்கம் போகும்போது அளவீடு என்பதற்கே என்ன பொருள் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இத்தனை உயிரோட்டமான கேள்வியை 'மாயை' என்று மூடிவைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் முதல் பாடமே அளவீடுதான். ஆசிரிய நண்பர்களே, சீசியம் அணுவின் 9,192,631,770 அலைவுகள் ஒரு நொடி என்று கரும்பலகையில் எழுதும் அன்றைக்கே, அந்த அணுவையும் கணக்கில் சேர்க்க வேண்டி வந்தால் என்ன ஆகும் என்று அவர்களிடம் கேளுங்கள்.